ஏணி உயரத்தில் தேன்சிட்டு

நெட் ஓடும்போது எங்களை யாருக்கும் ஞாபகம் இருக்காது. நின்றுவிட்டால் ஊருக்கே எங்கள் நம்பர் மனப்பாடம்.

வீட்டுக்கு வீடு ஃபைபர் லைன் இழுப்பதும் அறுந்ததை ஒட்டுவதும் என் வேலை. ஆபீஸ் குலசேகரத்தில். என் ரூட் திற்பரப்பில் தொடங்கி, பேச்சிப்பாறைக்கு மேலே ரப்பர் தோட்டங்கள் மலையோடு சேர்ந்து ஏறிப்போகிற பக்கம். கூட வருகிறவர் ராஜன் அண்ணன். பல வருஷம் கேபிள் டிவி கம்பி இழுத்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். பைக்கை நான் ஓட்டுவேன்; பின்னால் ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார். ஏணியில் நின்று வசவு கேட்டவர்களும், "இந்தா வந்துட்டே இருக்கேன்" என்ற பேச்சை நம்பி வாசலில் காத்திருந்தவர்களும் இதைப் படிக்கலாம். இரண்டு கூட்டமும் பட்டது ஒரே பாடுதான்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வீட்டிலும் கூரைக்குக் கீழே கொஞ்சம் கம்பியை மிச்சம் விட்டு, வளையம் வளையமாகச் சுற்றி ஆணியில் மாட்டுவோம். சுருள் என்று பெயர். நாளைக்கு எங்காவது அறுந்தால் அதிலிருந்து இழுத்து ஒட்டிக்கொள்ளலாம். மழை நனைக்காத, காற்று அதிகம் ஆட்டாத, பூனை எட்டாத இடமாகப் பார்த்து மாட்டவேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். தேன்சிட்டுக்கும் அதே பயிற்சியை யாரோ கொடுத்திருக்கவேண்டும். மலைப்பக்கம் நான் பார்த்த தேன்சிட்டுக் கூடுகளில் பாதிக்கு மேல் நாங்கள் மாட்டிய சுருளில்தான்.

செவ்வாழைக் கூம்பில் அமெரிக்கா

திற்பரப்பில் அருவிக்குப் போகிற வழியில் ஒரு சின்ன விடுதி. ரௌட்டர் மாற்றப் போயிருந்தேன். முற்றத்தில் செவ்வாழை ஒன்று குலை தள்ளி, கூம்பு தரையைப் பார்த்துத் தொங்கியது. அதில் ஒரு ஆண் தேன்சிட்டு. வயிறு மஞ்சள். தலையும் தொண்டையும் என்ன நிறம் என்று சொல்வது கஷ்டம். வெயிலில் திரும்பினால் பச்சையாக மின்னும், கழுத்தைச் சாய்த்தால் ஊதா, நிழலுக்குள் போனால் வெறும் கறுப்பு. மடலைக் காலால் பற்றித் தலைகீழாகத் தொங்கி, வளைந்த அலகை ஒவ்வொரு பூவுக்குள்ளும் விட்டு எடுத்தது. ஓரத்துப் பூ ஒன்றுக்கு மட்டும் பிடிமானம் கிடைக்கவில்லை. சிறகு இருப்பதே தெரியாத வேகத்தில் அடித்துக்கொண்டு, இரண்டு மூன்று நொடி அந்தரத்தில் நின்றே குடித்தது.

பெங்களூரிலிருந்து வந்து தங்கியிருந்த ஒருவர் "ஹம்மிங்பேர்டு! ஓடி வா!" என்று மனைவியைக் கூப்பிட்டார். நான் குரல் உயர்த்திப் பேசுகிற ஆள் இல்லை. இருந்தாலும் மெதுவாகச் சொன்னேன்: "சார், அது அமெரிக்கப் பக்கம் மட்டும்தான் உண்டு. அந்தரத்தில் நின்றே குடிக்கும், பின்னாலேயும் பறக்கும். இது தேன்சிட்டு. உட்கார இடம் இருந்தால் உட்கார்ந்துதான் குடிக்கும்; வேறு வழி இல்லை என்றால்தான் இப்படி நிற்கும்." அவர் நம்பாமல் போனில் தேடினார். நெட் இல்லை. கழற்றிப் போட்டவன் நான்தானே.

புது ரௌட்டர் உயிர் பெற்றதும் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். முகம் கொஞ்சம் வாடிப்போனது. அவர் மனைவி வாழையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. அப்படியே சொன்னார்: "விடுங்க. தான் ஹம்மிங்பேர்டு இல்லைன்னு அதுக்குத் தெரியவா போகுது? நிக்கிற அழகைப் பாருங்க."

பைக் கண்ணாடிக்குள் ஒரு ஆள்

மேலே ஒரு சர்ச் காம்பவுண்டில் பைக்கை நிறுத்திவிட்டு எதிர்த் தூணில் வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். டக் டக் என்று சத்தம். திரும்பிப் பார்த்தால் ஹேண்டில் மேல் ஒரு ஆண் தேன்சிட்டு. கண்ணாடியில் தெரிகிற தன் முகத்தை வேறு ஆண் என்று நினைத்து, விடாமல் கொத்துகிறது. அந்தச் செம்பரத்தி வேலி அதன் எல்லை. எல்லைக்குள் இன்னொருவன் வந்து, போதாக்குறைக்குத் தன்னை மாதிரியே திரும்பத் திரும்பக் கொத்தவும் செய்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

ராஜன் அண்ணன் இறங்கிப் போய், தோளில் கிடந்த துவர்த்துத் துண்டால் அந்தக் கண்ணாடியை மூடினார். அது மறுபக்கக் கண்ணாடிக்குப் போனது. அதில் என் தொப்பியைக் கவிழ்த்தார். எங்கள் சாப்பாட்டுத் தூக்குவாளியின் மூடியில் எதிரியைக் கண்டுபிடித்தது. பெண் தேன்சிட்டோ சண்டையைத் திரும்பியும் பார்க்காமல், செம்பரத்திப் பூவின் அடியில் ஓட்டை போட்டு நிதானமாகத் தேன் குடித்துக்கொண்டிருந்தது. ராஜன் அண்ணன் தூக்குவாளியைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு சொன்னார்: "ஒரு விரல் நீளம் இல்ல, வீராப்பப் பாரு. இதுல பாதி நம்ம சூப்பர்வைசருக்கு இருந்திருந்தா மேலிடத்துல சண்டை போட்டு நமக்குப் புது ஏணி வாங்கித் தந்திருப்பாரு, மக்கா."

மஞ்சள் நூல்

ஒரு வீட்டில் சுருளோடு சேர்ந்து காலிக் கூடு ஒன்று கிடைத்தது. குஞ்சுகள் பறந்துபோய் வெகுநாள் ஆகியிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் ஒட்டடையில் சிக்கிய குப்பை என்றுதான் தோன்றும். அப்படித் தோன்றவேண்டும் என்றே கட்டுகிறது. காய்ந்த இலைத் துணுக்கு, மரப்பட்டை, புழுவின் எச்சம், எல்லாவற்றையும் சிலந்தி வலையால் இழுத்துக் கட்டியிருந்தது. பக்கவாட்டில் வாசல். வாசலுக்கு மேலே மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் ஒரு சின்ன இறவாரம். உள்ளே இலவம்பஞ்சு மெத்தை. இத்தனையும் பெண்ணின் வேலை. ஆண் பக்கத்தில் இருந்து பாடும்.

வெளிச்சுவரில் மஞ்சளாக ஏதோ மின்னியது. உற்றுப் பார்த்தால் எங்கள் நூல். சில கம்பிகளுக்குள் கண்ணாடி இழைக்குத் துணையாக மஞ்சள் நூல் ஓடும்; வெட்டும்போது அதை உருவிக் கீழே போட்டுவிடுவோம். அதைப் பொறுக்கி வந்து சுவரில் பின்னியிருக்கிறது. முடியைவிட மெல்லிய கண்ணாடி இழையை ஒட்ட எங்களுக்கு ஒரு மெஷின் வேண்டும். ஒரு தூசு இருந்தால் போச்சு, ஈரக்காற்று அடித்தால் போச்சு. அது அலகை மட்டும் வைத்துக்கொண்டு, இரண்டு குஞ்சும் ஒரு தாயும் ஆடிமுடித்த பிறகும் ஒரு முடிச்சு நெகிழாமல் கட்டியிருந்தது. ராஜன் அண்ணன் கூட்டைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏலே, இவளை மட்டும் வேலைக்கு எடுத்தாங்கண்ணா நாம ரெண்டு பேரும் ஏணியை வச்சிட்டு வீட்டுக்குப் போயிரலாம்."

முருக்கு பூத்த வாரம்

ரப்பர் தோட்டத்துக்குள்ளே தேன்சிட்டுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. வீடு இருக்கிற இடத்தில்தான் அதுவும் இருக்கும்: வாழை, செம்பரத்தி, தென்னம்பூ, மாமரத்தில் ஒட்டி வளர்கிற புல்லுருவி. ஆனால் மாசி பங்குனியில் முள்முருக்கு பூத்துவிட்டால் கதையே வேறு. இங்கே நல்லமிளகுக் கொடி படர்வதற்காக வரிசையாக முருக்கு நட்டிருப்பார்கள். ஓர் இலை இருக்காது. கொம்பு முழுக்கச் சிவப்பு.

தங்கசாமி என்று ஒரு விவசாயி. நெட் மெதுவாக இருக்கிறது என்று ஒரே நாளில் ஐந்து தடவை கூப்பிட்டவர். அவர் வீட்டு மொட்டைமாடியில் ஏறி லைனைத் தூக்கிக் கட்டினேன். முகத்துக்கு நேரே பூத்த முருக்கு. நீள அலகுக்காரன் ஒருவன், கருநீலமாக மின்னிக்கொண்டு. மஞ்சள் வயிற்றுக்காரர்கள் நாலைந்து பேர். அவர்களுக்கு நடுவே நம் மலையை விட்டு அதிகம் இறங்காத சின்ன தேன்சிட்டு ஒன்று, முதுகெல்லாம் ரத்தச்சிவப்பு. ஒன்றை ஒன்று துரத்துவதும், பூவுக்குள் முகத்தை விட்டு நெற்றியெல்லாம் மகரந்தத்தோடு வெளியே வருவதும். என் கை தானாக நின்றுவிட்டது.

"வேலை நடக்கியதா, தூக்கமா?" என்று திட்டிக்கொண்டே தங்கசாமி மாடிக்கு ஏறி வந்தார். நான் விரலை மட்டும் நீட்டினேன். அவரும் பார்த்தார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் லைனை மறந்து நின்றோம். பிறகு தாடையைச் சொறிந்தபடி சொன்னார்: "முப்பது வருசமா இந்த மரத்துல மொளகைத்தான் மக்கா பாத்தேன். இவனுக குடியிருக்கது தெரியாதே."

ஷைனி அக்காவின் மூன்றாவது இன்டர்வியூ

இனிமேல் சொல்லப்போவதெல்லாம் ஒரே வீட்டில் நடந்தது. பேச்சிப்பாறைக்கு மேலே, செல்போன் டவர் எட்டாத ஒரு மேட்டில் லீலா பாய் அம்மாவின் வீடு. மகள் ஷைனி அக்கா நர்ஸ். அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரி வேலைக்கு ஆன்லைனில் இன்டர்வியூ. முதல் தடவை குலசேகரத்தில் சொந்தக்காரர் வீட்டில் உட்கார்ந்தார்; அடுத்த வீட்டில் கல்யாணம், ஒலிபெருக்கி அலறியது. இரண்டாவது தடவை மார்த்தாண்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில். பாதியில் கரண்டு போனது. இன்னும் ஒரே ஒரு தடவைதான் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அதற்காகத்தான் வீட்டுக்கே லைன் எடுத்தார். இழுத்துக் கொடுத்தவன் நான்.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு இன்டர்வியூ. செவ்வாய்க்கிழமை காற்றில் ரப்பர் கொம்பு ஒன்று முறிந்து லைன் மேல் விழுந்தது. புதன்கிழமை போய்ப் பார்த்தால் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி நீளமாகச் சிதைந்து கிடந்தது. சுருளிலிருக்கிற மிச்சக் கம்பியை எல்லாம் இழுத்தால் சரியாகப் போதும். டவர் கிடைக்கிற வளைவு வரை இறங்கிப்போய்ச் சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். "புதுக் கம்பி திங்கக்கிழமைதான் வரும். சுருளை இழுத்து ஒட்டிட்டு இறங்குங்க," என்றார்.

மேலே திரும்பி வந்து சுருளைப் பார்த்தேன். கடைசி வளையத்தில் ஒரு கூடு. வாசலில் இரண்டு மஞ்சள் வாய். ராஜன் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் லீலா பாய் அம்மாவைப் பார்த்தேன். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "குருவிக்குஞ்சைப் பாத்துட்டு நிண்ணா எனக்க மோளுக்க வேலைக்கு ஆரு பதில் சொல்லுவா?"

இரண்டு முழம்

ராஜன் அண்ணன் ஒரு யோசனை சொன்னார். கூடு ஒட்டியிருக்கிற ஒரு வளையத்தை மட்டும் அப்படியே வெட்டி எடுத்து, பக்கத்தில் இன்னொரு ஆணியில் மாட்டிவிடலாம். மீதி வளையங்களை விறைப்பாக இழுத்தால் ஒரு வளையம் குறைந்தாலும் எட்டிவிடும், ஒட்டிக்கொள்ளலாம். கூட்டுக்கும் சேதம் இல்லை, லைனும் கிடைக்கும். எனக்கு அது பெரிய புத்திசாலித்தனமாகப் பட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வளையத்தை வெட்டினேன். ஒரு குஞ்சுகூட அலறவில்லை. இரண்டு முழம் தள்ளி, அதே கூரைக்குக் கீழே, அதே நிழலில் மாட்டினேன். சுருள் இருந்த ஆணியில் லைனை விறைப்பாக இழுத்துக் கட்டினோம். அறுந்த இடத்தில் ஓர் ஒட்டு, வளையம் வெட்டிய இடத்தில் ஓர் ஒட்டு. வீட்டுக்குள் நெட் பெட்டியில் சிவப்பு லைட் பச்சையானது. லீலா பாய் அம்மா டீ போடப் போனார்.

தாய் வந்தது. அலகில் ஒரு சிலந்தி. கூடு முன்பு இருந்த இடத்துக்கு நேரே வந்து, வாசல் எங்கே இருந்ததோ அந்த உயரத்தில், வெறும் காற்றுக்கு முன்னால் சிறகடித்து நின்றது. உட்கார ஒன்றும் இல்லை. செம்பரத்திக்குத் திரும்பிப் போனது. மறுபடி வந்து அதே இடத்தில் நின்றது. இரண்டு முழம் தள்ளிக் குஞ்சுகள் வாயைப் பிளந்து கத்துகின்றன. தாய் சத்தம் வருகிற திசையைத் திரும்பிப் பார்க்கிறது, போகவில்லை. ஆணும் வந்து அப்படியே நின்றுவிட்டுப் போனது. டீ ஆறிவிட்டது. எத்தனை தடவை வந்ததோ, எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். அவ்வளவு சின்ன உடம்பால் அவ்வளவு நேரம் அந்தரத்தில் நிற்க முடியும் என்று அன்றைக்கு வரை எனக்குத் தெரியாது.

ஷைனி அக்கா வேலை பார்த்தது பிறந்த குழந்தைகள் வார்டில். சன்னலுக்குள் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: "அது கூட்டைத் தேடல்ல, தம்பி. இடத்தைத் தேடுது."

ஒரே ஆணி

திரும்ப வைக்கலாம். ஆனால் அந்த ஆணியில் இப்போது லைன் நிற்கிறது. பக்கத்திலேயே வேறு ஆணி அடித்தால் விறைத்த கம்பி கூட்டின் வாசலை உரசும். ஒரு காற்றுக்கு அறுத்துவிடும். லைனை வீட்டின் மறுமூலைக்கு மாற்றலாம் என்றால் நீளம் போதாது, சுருள் முழுக்கத் தீர்ந்தாயிற்று. பையில் கிடந்த ஒரு துண்டுக் கம்பியைச் சேர்த்தால் எட்டும். அதற்கு இன்னும் இரண்டு ஒட்டு. ஒவ்வொரு ஒட்டும் உள்ளே போகிற வெளிச்சத்தில் கொஞ்சம் குடித்துவிடும். இரண்டுக்கு மேல் ஒட்டக்கூடாது என்பது ஆபீஸ் விதி. நாலு ஒட்டோடு லைன் ஓடுமா, ஓடினாலும் வெள்ளிக்கிழமை வரை நிற்குமா என்று எனக்குத் தெரியவில்லை. ஓடுகிற லைனைக் கழற்றுகிற தைரியமும் எனக்கு இல்லை. எல்லாவற்றையும் ஷைனி அக்காவிடம் அப்படியே சொன்னேன்.

அவர் பச்சை லைட்டை ஒரு தடவை பார்த்தார். "ரெண்டு தடவை போச்சு. மூணாவதும் போனா நான் பாத்துக்கிடுகேன். கழட்டுங்க," என்றார். லீலா பாய் அம்மா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எந்த வேலையைத் தொடுவதற்கு முன்னாலும் படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்பவேண்டும். அந்தப் படம் என் போனில் இருந்தது. ஷைனி அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு கீழே நிற்க, நான் ஏணியில். "இன்னும் கீழே தாத்து. வாசல் செம்பரத்தியைப் பாத்து இருந்துது. கொஞ்சம் திருப்பு. பைய, பைய." இறங்கி நாங்கள் மூன்று பேரும் சுவரோடு ஒட்டி நின்றோம். தாய் வந்தது. நிற்கவே இல்லை. நேரே வாசலில் உட்கார்ந்து, சிலந்தியை ஒரு வாய்க்குள் திணித்துவிட்டு, நாங்கள் இருப்பதையே மதிக்காமல் போனது. லீலா பாய் அம்மா கதவோரம் வந்து நின்றார். கண்ணைத் துடைத்தாரா, முகத்தைத் துடைத்தாரா தெரியாது. குரல் மட்டும் கறாராக இருந்தது: "செரி, அது பிள்ளைக்குப் பாத்தாச்சு. இனி எனக்க பிள்ளைக்கு வழியைப் பாருங்க."

கடைசிக் கோடு

மறுமூலைக்கு லைனை மாற்றி, துண்டைச் சேர்த்து, இரண்டு ஒட்டும் போட்டோம். ராஜன் அண்ணன் அவ்வளவு பொறுமையாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. கண்ணாடி இழையை மூன்று தடவை துடைத்தார். மெஷினுக்குக் காற்று படாமல் தன் சட்டையைக் கழற்றி மறைப்புக் கட்டினார். பாட்டு இல்லை, கிண்டல் இல்லை.

மீட்டரில் வெளிச்சம் கடைசிக் கோட்டில் நின்றது. அதற்குக் கீழே போனால் சிவப்பு. பெட்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பச்சையானது. "வெள்ளிக்கிழமை வரைக்கும் நிக்குமா தம்பி?" என்று ஷைனி அக்கா கேட்டார். "நிக்கும் அக்கா," என்றேன். வளைவு வளைவாகப் பைக்கில் இறங்கினோம். அடிவாரம் வந்த பிறகு, ஏணிக்குள் தலையை விட்டபடி ராஜன் அண்ணன் சொன்னார்: "நீ அங்க குடுத்தது வாக்கு இல்ல, மக்கா. ஜெபம்."

வெள்ளிக்கிழமை மூன்று மணி

அந்தப் பக்கம் எங்களுக்கு அன்றைக்கு ஒரு கம்ப்ளெயின்டும் இல்லை. இருந்தும் இரண்டரைக்கு அங்கே போய்ச் சேர்ந்தோம். கதவு சாத்தியிருந்தது. லீலா பாய் அம்மா கோழிகளைக் கூட்டில் அடைத்து, நாயைத் தோட்டத்தின் எல்லையில் கொண்டுபோய்க் கட்டி, மிக்சியை வேறு பிடுங்கி வைத்திருந்தார். எங்களைக் கண்டதும் வாயில் விரலை வைத்தார். படியில் உட்கார்ந்தோம். சன்னல் இடுக்கு வழியாகப் பெட்டியின் பச்சை லைட் மட்டும் எனக்குத் தெரிந்தது.

ரப்பர் மரங்களுக்குள் காற்று வந்தது. லைன் ஆடியது. பச்சை லைட்டை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. தேன்சிட்டுகளுக்கு அந்தக் கவலை எல்லாம் இல்லை. தாய் போனால் தகப்பன், தகப்பன் போனால் தாய். புழு, சிலந்தி, மறுபடியும் சிலந்தி. தேன் குடிக்கிற பறவை என்று ஊரெல்லாம் பெயர். குஞ்சுக்கு மட்டும் தேனோடு நிறுத்தாமல், கறி மாதிரிப் பிடித்து வந்து ஊட்டுகிறது. ஒரு தடவை பச்சை லைட் சிவப்பானது. ராஜன் அண்ணன் என் முழங்கையைப் பிடித்தார். நாங்கள் எழுவதற்குள் பச்சை திரும்பிவிட்டது. அந்தச் சில நொடிகளைப் பற்றி இன்னும் எனக்குக் கனவு வரும்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. ஷைனி அக்கா முகத்தில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. லீலா பாய் அம்மா கேட்கப் பயந்து கோழிக்கூட்டைத் திறக்கப் போய்விட்டார். அக்கா கூட்டை நிமிர்ந்து பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார்: "எல்லாம் கேட்டாங்க, எல்லாம் சொல்லியாச்சு. ஒரு இடத்துல படம் நிண்ணுபோச்சு. நான் வாயைப் பொளந்தபடியே நிண்ணேனாம், தம்பி. இந்த ரெண்டையும்போல."

கழற்ற விடாத வீடு

திங்கட்கிழமை புதுக் கம்பி வந்தது. நாங்கள் அந்த வீட்டுக்குப் போகவில்லை. சூப்பர்வைசர் கேட்டபோது ஏணிப்படி உடைந்திருக்கிறது என்றோம். முக்கால்வாசி உண்மை. குஞ்சுகள் ஒருநாள் காலையில் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்து, செம்பரத்தியில் ஆடி ஆடி உட்கார்ந்து, மதியத்துக்குள் காணாமல் போயின என்று ஷைனி அக்கா போனில் சொன்னார். அதைச் சொல்லி முடித்த பிறகுதான் வேலை கிடைத்த செய்தியைச் சொன்னார்.

அதற்குப் பிறகு பல மாதம் காகிதங்களுக்காக அலைந்து, ஒருவழியாக விமானம் ஏறினார். நாலு ஒட்டு லைனை எடுத்துவிட்டு ஒழுங்கான புது லைன் போடுவதற்காகப் புதுக் கம்பியோடு அந்த வீட்டுக்குப் போனோம். பழைய ஆணியில் அந்த ஒற்றை வளையம் அப்படியே தொங்கியது. அதில் இன்னொரு கூடு பாதி எழும்பியிருந்தது. லைன் அந்த ஆணிக்குத்தான் வரவேண்டும் என்று ராஜன் அண்ணன் ஏணியைச் சாய்த்தார்.

லீலா பாய் அம்மா வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஏறுவதற்குத் துணையாகப் பிடிக்கிறார் என்று நினைத்தோம். இல்லை. "வளையத்துல கை வைக்கப்பிடாது," என்றார். "அவ வீடியோல வந்தா 'அம்மா சாப்பிட்டியா'ண்ணு ஒரு வார்த்தை கேக்கமாட்டா. 'போனை மேல காட்டு, கூட்டுல ஆளுண்டா?'ண்ணுதான் கேக்குகா. தினமும் வாறா, அதுக்குண்ணே வாறா. நீங்க இதைக் கழட்டிட்டுப் போனா நான் அவளுக்கு என்னத்தைக் காட்ட, மக்கா?"

மலைப்பக்கம் லைன் வேலை செய்கிறவனுக்கு நெட் போனால் ஒரு திட்டு, கூடு போனால் அதைவிடப் பெரிய திட்டு. ஆகவே முதல் திட்டை மட்டும் வாங்கிக்கொண்டு பேசாமல் ஏணியை இறக்குவதே உடம்புக்கு நல்லது.